இடது காது கிழிந்த நீர்நாய்

அத்தியாயம் 6

தில்லைநகர் ஏழாவது கிராஸில் இருந்த அந்த அனிமேஷன் ஸ்டுடியோவில் நல்ல நாற்காலிகள் நிறைய இருந்தன. துப்பறியும் தஸ்லிமாவுக்கு ஒன்றில்கூட உட்காரப் பிடிக்கவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். மணி பதினொன்று பத்து. நான்கு மணிக்குள் முடிவு தெரிந்தாக வேண்டும்.

"அக்கா, நீங்க நடக்கிற நடைக்கு இந்நேரம் சமயபுரமே போய்ச் சேர்ந்திருக்கலாம்," என்றான் டோனி.

டோனி அவளுடைய உதவியாளன். அதற்கு முன் பத்து வருஷம் மெடிக்கல் ரெப். டாக்டர்கள் வாசலில் காத்துக் கிடந்த நேரத்திலெல்லாம் வாயை மட்டும் நன்றாக வளர்த்துக்கொண்டவன். தஸ்லிமா ஒரு காலத்தில் வாகன இன்சூரன்ஸ் விசாரணைகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எந்த லாரி எந்தப் பக்கம் ஒடித்தது, எந்தக் கதவு நசுங்கியது என்று பார்த்துப் பார்த்தே கண் கெட்டுப்போனதாக அவளே சொல்வாள். உண்மையில் அவள் கண் கெடவில்லை, தூக்கம்தான் கெட்டிருந்தது.

இந்த வழக்கில் அவளுடைய கட்சிக்காரர் ஸ்டுடியோ முதலாளி பிரவீன்ராஜ். 1994-ல் திருச்சியிலிருந்து வந்த 'மின்னாம்பூச்சி' என்ற சிறுவர் மாத இதழின் பின்னட்டையில் மாதம் ஒரு பக்கமாக ஒரு படக்கதை வந்தது. கொள்ளிடத்தில் வாழும் முக்குளி என்ற நீர்நாயின் சாகசங்கள். ஒரு காது கிழிந்த, வால் தடித்த, யாருக்கும் அடங்காத முக்குளி. அதைத்தான் பிரவீன்ராஜ் குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடராக எடுத்திருந்தார். முதல் எபிசோடு இன்று மாலை நான்கு மணிக்கு சேனலுக்குப் போக வேண்டும். டைட்டிலில் 'மூலக்கதை, ஓவியம்: ஜெயக்குமார்' என்று இருந்தது. ஜெயக்குமார்தான் அந்த இதழின் ஆசிரியர், அச்சகமும் அவருடையதுதான்.

இந்த நேரத்தில்தான் செல்வமேரி என்ற டிராயிங் டீச்சர் குறுக்கே வந்தாள். முக்குளியை வரைந்தது தான்தான் என்றாள். கையில் ஒரு பழைய நோட்டு. பிரவீன்ராஜ் பொறுமையாக விசாரித்திருக்கலாம். அதற்குப் பதிலாக, 'அடுத்தவர் படைப்பைத் திருடப் பார்க்கும் டீச்சர்' என்று அவள் பள்ளிக்கூடத்தின் பெயரையும் சேர்த்து முகநூலில் எழுதிவிட்டார். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்று பாக்கி இல்லை. விஷயம் தெளிவாகும் வரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று பள்ளிக்கூடம் அவளிடம் சொல்லிவிட்டது. அவள் மோசடிக்காரி என்று நிரூபித்து ஒரு ரிப்போர்ட் தரவேண்டும், அதற்குத்தான் தஸ்லிமா.

"இன்னும் என்ன மேடம் யோசனை?" பிரவீன்ராஜ் மேஜை மேல் இரண்டு படங்களைத் தள்ளினார். "இது அந்தம்மா நோட்டுல இருக்கிற படம். வலது காது கிழிஞ்சிருக்கு. இது புத்தகத்துல வந்த முக்குளி. இடது காது. இருபத்தி மூணு பக்கத்துலயும் இடதுதான். சொந்தமா பெத்த புள்ளைக்கு எந்தக் காதுல தழும்புன்னு தெரியாதா?"

"நம்ம வலமா, அதோட வலமா?" என்றான் டோனி.

"அதோட வலதுதான்டா," என்றாள் தஸ்லிமா. "சும்மா இரு."

நேற்று மேலப்புதூரில் செல்வமேரியின் வீட்டில் இதே கேள்வியைக் கேட்டிருந்தாள். செல்வமேரி சொன்ன பதில் சின்னப் பிள்ளைகூட நம்பாத பதில். "நான் வலது காதுதாங்க வரைஞ்சேன். தொட்டியத்துல இருந்து தபால்ல அனுப்பினேன். புத்தகம் வந்தப்ப இடதா இருந்துச்சு. எடிட்டர் மாத்திட்டாரு போலன்னு நெனச்சு, அடுத்த மாசத்துல இருந்து நானும் இடதாவே வரைஞ்சேன். அப்ப எனக்குப் பதினேழு வயசு. பெரியவங்க மாத்தினா ஏன்னு கேக்கத் தெரியாது."

அது பொய் என்றால் படு மட்டமான பொய். திருடுகிறவள் பார்த்து அப்படியே காப்பியடித்திருப்பாளே, ஏன் காதை மாற்றி வரைந்து மாட்டிக்கொள்கிறாள்? அந்த ஒரு கேள்விதான் தஸ்லிமாவை உட்காரவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தது.

சோபாவில் ஜெயக்குமார் காபி குடித்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம்.

"சார், முதல் பக்கம் நீங்களே வரைஞ்சதுதானே?"

"என் கையாலம்மா. முதலை கடிச்சதுல இடது காது கிழிஞ்சுது. முதல் நாள்ல இருந்தே இடதுதான். அந்தக் காலத்து வேலையெல்லாம் உங்களுக்குத் தெரியாது. படத்தைத் தனியா ஃபிலிம் எடுப்போம். எழுத்தைத் தனியா ட்ரேசிங் பேப்பர்ல எடுத்து மேல ஒட்டுவோம். அப்புறம்தான் பிளேட்டு. எல்லாம் என் அச்சகத்துலதான்."

"அந்த முதல் இதழ் எங்க?"

"அதாம்மா இல்ல. ரெண்டாவது இதழ்ல இருந்துதான் பைண்டு பண்ணி வெச்சிருக்கேன். ஊர்லயும் யார்கிட்டயும் இருக்காது. பின்னட்டைக்கு உள்பக்கம் வண்ணம் தீட்டுற போட்டி வெச்சோம். பிள்ளைங்க எல்லாம் அட்டையைக் கத்தரிச்சு அனுப்பிட்டாங்க."

டோனியின் மொபைல் மேஜை மேல் இதையெல்லாம் பதிவு செய்துகொண்டிருந்தது. மேஜை மேல் இருந்த பைண்டு வால்யூமை இழுத்து, தஸ்லிமா நின்றபடியே புரட்டினாள். படக்கதையை அவள் பார்க்கவில்லை. வாசகர் கடிதங்களைப் பார்த்தாள். மூன்றாவது இதழில் விரல் நின்றது.

'அன்புள்ள ஆசிரியர் மாமா, போட்டிக்கு அட்டையைக் கத்தரித்து அனுப்பச் சொன்னீர்கள். புத்தகத்தைக் கத்தரிப்பது பாவம் என்று எங்கள் அப்பா கத்தரிக்கோலை ஒளித்து வைத்துவிட்டார். வெள்ளைத் தாளில் வரைந்து அனுப்பினால் பரிசு உண்டா? - ஆர். வகுளாபரணன், நான்காம் வகுப்பு, கீழ உத்திர வீதி, ஸ்ரீரங்கம்.'

கீழே ஆசிரியரின் பதில்: 'விதிகளை மாற்ற இயலாது தம்பி!'

"ஊர்ல எல்லாப் பிள்ளையும் கத்தரிச்சிருச்சு, ஒண்ணைத் தவிர," என்றாள் தஸ்லிமா. "டோனி, ஹெல்மெட்டை எடு."

"முப்பது வருஷத்துக்கு முந்தின அட்ரஸ்க்கா? நம்ம ஏரியாவுல போன மாசம் குடிவந்தவனே இந்த மாசம் இல்ல."

"உத்திர வீதிடா. அங்க வீடு மாறினா எதிர் வீட்டுக்குத்தான் மாறுவாங்க."

*

சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டவே அரை மணி நேரம் ஆனது. காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. ஸ்கூட்டரை ஓட்டியவள் தஸ்லிமா. பின்னால் உட்கார்ந்து வெயிலையும் அவளையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு வந்தவன் டோனி. அவள் நிமிஷத்துக்கு ஒரு தரம் ஹாரன் அடித்தாள். முன்னால் இருந்த ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "பறக்கவாம்மா முடியும்?" என்றார்.

அப்போதுதான் செல்வமேரி போன் செய்தாள்.

"நீங்க அவங்க வெச்ச ஆளுன்னு தெரியும்மா. ஆனா என் நோட்டை முழுசாப் புரட்டிப் பார்த்தது நீங்க ஒருத்தர்தான். அதான் கூப்பிட்டேன்," என்றாள். "ஹெச்.எம். சிஸ்டர் நாளைக்குக் காலைல விளக்கம் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க. இன்னைக்கு சாயங்காலம் அவரு பேரோட டிவிக்குப் போயிருச்சுன்னா நான் என்னத்தம்மா எழுதுறது? இருபத்தி ரெண்டு வருஷம் பிள்ளைங்களுக்கு, பார்த்து வரையாத, நீயா வரைன்னு சொல்லிக் குடுத்தவ நான். இப்ப ஆறாங்கிளாஸ் பிள்ளைங்க என்னைப் பார்த்தா குசுகுசுன்னு பேசுதுங்க."

"நாலு மணிக்குள்ள கூப்பிடறேன் டீச்சர்," என்று மட்டும் சொன்னாள் தஸ்லிமா. வேறு எதைச் சொன்னாலும் அது வாக்குறுதியாகிவிடும். அவளிடம் கொடுக்க வாக்குறுதி எதுவும் இல்லை, அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

*

வீடு மாறவில்லை. எதிர் வீட்டுக்குக்கூட மாறவில்லை. கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றியில் திருமண், கையில் சாக்பீஸ் தூள். கணக்கு டியூஷன் எடுக்கிறவராம்.

"வகுளாபரணன்?"

"அடியேன்தான். உள்ள வாங்கோ. என்ன விஷயம்?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டது. "அந்தப் போட்டியா! முதல் பரிசு இருபத்தி நாலு கலர் பென்சில் டப்பா. எனக்குத்தான் கிடைச்சிருக்கணும். அப்பா விட்டாரா? புஸ்தகம் சாட்சாத் சரஸ்வதி, அவ மேல கத்தரி வெக்கலாமோன்னுட்டார். அவர் பரமபதிச்சு ஆறு வருஷம் ஆச்சு. எனக்கு இன்னும் அந்த ஆத்தாமை போகலை, பாருங்கோ."

"உங்கப்பாவுக்குக் கோயில் கட்டணும் சார்," என்றான் டோனி.

"எதுக்கு ஸ்வாமி, இருக்கிற கோயிலுக்கே தினம் போக முடியறதில்லை," என்றபடி அவர் உள்ளே போனார். பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு கட்டோடு திரும்பினார். மேலே பஞ்சாங்கம். அதற்குக் கீழே 'மின்னாம்பூச்சி', முதல் இதழ். ஒரு மூலைகூட மடங்கவில்லை.

தஸ்லிமா பின்னட்டையைத் திருப்பினாள். பக்கம் முழுக்க ஒரே படம். டவுன் பஸ் ஒன்று நிற்கிறது, கண்டக்டர் விசிலடிக்கிறார், கூடைக்கார அம்மா ஏறுகிறாள். பஸ்ஸின் கூரை மேல் கால் மேல் கால் போட்டு முக்குளி.

கிழிந்திருந்தது இடது காது.

தஸ்லிமா புத்தகத்தைக் கீழே வைத்தாள். இவ்வளவு தூரம் ஓடி வந்து, அந்த டீச்சரின் கழுத்துக்குத் தானே கயிறு கொண்டுபோவதாக ஆகிவிட்டது.

"முதல் பக்கத்துலயும் இடதுதான். ஜெயக்குமார் சொன்னது சரி. டீச்சர் அவுட்," என்று முணுமுணுத்தான் டோனி. அவனுக்கும் அதில் சந்தோஷம் இல்லை. சந்தோஷம் இல்லாதபோதுதான் அவன் அதிகம் பேசுவான். "ஆனா நல்ல பஸ்ஸுதான்க்கா. அந்தக் கூடைக்கார அம்மா இறங்கினா நேரா நடுரோட்டுலதான் இறங்கணும்."

தஸ்லிமா நிமிர்ந்தாள். "என்ன சொன்ன?"

"படிக்கட்டைப் பாருங்க. வலது பக்கம் இருக்கு. டிரைவர் இடது பக்கம் உக்காந்திருக்காரு. வெளிநாட்டு பஸ் போல."

அவள் படத்தைப் பிடுங்காத குறையாக இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஆயிரம் விபத்து போட்டோக்களைப் பார்த்த கண்கள் இப்போதுதான் வேலைக்கு வந்தன. டிரைவர் இடது பக்கம், படிக்கட்டு வலது பக்கம். கண்டக்டரின் சட்டைப் பாக்கெட் வலது மார்பில். கூடைக்கார அம்மாவின் முந்தானை வலது தோளில்.

"சார், ஒரு கண்ணாடி கிடைக்குமா? முகம் பார்க்கிறது."

வகுளாபரணன் திருமண் இட்டுக்கொள்ளும் சிறிய கண்ணாடியை எடுத்துவந்தார். தஸ்லிமா அதைப் படத்துக்கு எதிரே பிடித்தாள். கண்ணாடிக்குள் டிரைவர் தன் இடத்துக்குப் போனார். படிக்கட்டு ஓரத்துக்கு வந்தது. பாக்கெட்டும் முந்தானையும் ஊர் வழக்கத்துக்கு வந்தன. பஸ்ஸின் மேல் முக்குளி, வலது காது கிழிந்து உட்கார்ந்திருந்தது.

"எம்பெருமானே!" என்றார் வகுளாபரணன்.

"ஒரு தப்புன்னா கை தவறினது," என்றாள் தஸ்லிமா. "ஒரே பக்கம் நாலு தப்புன்னா படமே புரண்டிருக்கு. ஃபிலிமைத் திருப்பிப் போட்டு ஒட்டியிருக்காங்க."

"அப்போ பஸ் போர்டுல 'ஸ்ரீரங்கம்'னு இருக்கே? அதுவும் இடம் வலமாத் திரும்பித்தானே வரணும்?" என்று கணக்கு வாத்தியார் சரியாகவே கேட்டார்.

"அது கையெழுத்து இல்ல சார், அச்செழுத்து. தனியா எடுத்து மேல ஒட்டினது. அதான் அது மட்டும் நேரா நிக்குது. எழுத்து நேரா இருந்ததால படம் புரண்டது யார் கண்ணுலயும் படல. இந்தப் புத்தகத்தை ஒரு நாள் கடனாத் தருவீங்களா?"

அவர் தயங்கினார். பிறகு வேட்டித் துணியோடு சேர்த்துக் கொடுத்தார். "கத்தரிக்க மாட்டேளே?"

*

மூன்று இருபத்தைந்துக்கு அவர்கள் மறுபடி தில்லைநகரில் இருந்தார்கள். வழியில் போன் செய்து செல்வமேரியையும் வரச் சொல்லியிருந்தாள் தஸ்லிமா. நோட்டை மார்போடு அணைத்தபடி அவள் கதவோரமாக நின்றாள். பிரவீன்ராஜ் அவளை உட்காரச் சொல்லவில்லை.

தஸ்லிமா புத்தகத்தை மேஜையில் வைத்தாள். ஜெயக்குமார் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"கிடைச்சிருச்சா! பார்த்தீங்களா, இடது காது. நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க சார். வரைஞ்ச அன்னைக்கும் இடதுதானே? உறுதியா?"

"சத்தியமா."

"அப்படின்னா இந்தப் படத்துல அது வலது காதா வந்திருக்கணுமே."

ஜெயக்குமாரின் சிரிப்பு பாதியில் நின்றது. பிரவீன்ராஜ், "என்ன மேடம் உளர்றீங்க?" என்றார்.

தஸ்லிமா பஸ்ஸைக் காட்டினாள். டிரைவரை, படிக்கட்டை, பாக்கெட்டை, முந்தானையைக் காட்டினாள். டோனி மொபைலில் படத்தைப் புரட்டிக் காட்டினான். பத்து வருஷமாகப் படம் வரைந்தே சாப்பிடுகிற பிரவீன்ராஜுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"அச்சுல புரண்டிருக்கு," என்றாள் தஸ்லிமா. "அச்சுல இடதுன்னா, கையால வரைஞ்ச மூலப் படத்துல வலது. அந்தப் படத்தை வரைஞ்சவங்களுக்கு மட்டும்தான் வலது காது தெரியும். புத்தகத்தை மட்டும் பார்த்தவங்களுக்கு இடதுதான் தெரியும். சார், நீங்க புத்தகத்தை மட்டும் பார்த்திருக்கீங்க."

"முப்பது வருஷம் ஆச்சும்மா. மறந்திருக்கும். எனக்கு வயசு..."

"மறந்தவரு சத்தியம் பண்ண மாட்டாரு சார். சரி, மறந்தீங்கன்னே வெச்சுக்குவோம். உங்க படம், உங்க அச்சகம். படம் புரண்டு வந்திருக்கு. வரைஞ்சவர் நீங்கன்னா அன்னைக்கே கத்தியிருப்பீங்க. அடுத்த மாசம் காதை வலதாவே வரைஞ்சு சரி பண்ணியிருப்பீங்க. ஆனா ரெண்டாவது மாசத்துல இருந்து படம் புரளாம நேராத்தான் வந்திருக்கு, வரைஞ்ச காதே இடதுக்கு மாறிடுது. அச்சகத்துக்கு வந்து கேக்க முடியாத யாரோ, எங்கயோ தூரத்துல உக்காந்து, எடிட்டருக்கு இப்படித்தான் பிடிக்குது போலன்னு நெனச்சுத் தன் படத்தையே மாத்திக்கிட்டாங்க."

செல்வமேரி வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் அவளுக்கும் காரணம் தெரிந்தது.

"புரண்டதா?" என்றாள். "நான் தப்பா வரைஞ்சிட்டேன்னு அவரு திருத்தினதா நெனச்சு, அன்னைக்கு ராத்திரி எல்லாம் அழுதேங்க."

ஜெயக்குமார் அவளைப் பார்க்கவில்லை. காபி டம்ளரிடம் பேசினார். "ரெண்டு வருஷத்துல அந்தப் பொண்ணுகிட்ட இருந்து தபால் நின்னு போச்சு. கல்யாணம் ஆகியிருக்கும்னு நெனச்சேன். புத்தகமும் நின்னு போச்சு. இத்தனை வருஷமா அந்தப் பக்கங்களைக் கரையான் அரிக்காம வெச்சிருந்தது நான்தான். நீங்க வரைஞ்சதான்னு இவரு கேட்டப்ப, ஆமான்னு ஒரு வார்த்தை வந்துருச்சு. ஒரு வார்த்தைதான்."

"காப்பாத்தி வெச்சது நீங்கதான் சார். அதை யாரும் இல்லேங்கலை," என்றான் டோனி. முதல் தடவையாக அவன் குரலில் கிண்டல் இல்லை.

பிரவீன்ராஜ் தஸ்லிமாவை முறைத்தார். "உங்களை நான் எதுக்கு மேடம் கூப்பிட்டேன்?"

"மோசடி பண்ணினது யாருன்னு கண்டுபிடிக்க. கண்டுபிடிச்சுட்டேன். ரிப்போர்ட்ல ரெண்டு பேரு இருக்கும். சத்தியம் பண்ணினவரு பேரு ஒண்ணு, விசாரிக்காம ஊரெல்லாம் எழுதினவரு பேரு ஒண்ணு. நாலு மணிக்கு இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு."

பிரவீன்ராஜ் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். இன்டர்காமை எடுத்து, டைட்டில் கார்டை மாற்றச் சொன்னார். மூன்றாவது நிமிஷம் பெரிய திரையில் எழுத்து வந்தது. 'மூலக்கதை, ஓவியம்: செல்வமேரி.' அவர் எழுந்து, முதல் முறையாக ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சாரி டீச்சர். அந்தப் போஸ்ட்டை இப்பவே எடுத்துடறேன். நாளைக்கு ஊரே உங்க பேரை டிவியில பார்க்கும். போதும்ல?"

செல்வமேரி திரையைப் பார்த்தாள். பிறகு தஸ்லிமாவைப் பார்த்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. கண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது, வகுப்புக்குள் நுழைகிற டீச்சராகத்தான் நிமிர்ந்தாள்.

"போதாதுங்க," என்றாள். "டிவியில பேரு ரெண்டு செகண்டு வரும், போயிரும். நீங்க என்னைத் திருடின்னு சொன்னதை எங்க பிள்ளைங்க அத்தனை பேரும் படிச்சிருக்கு. எடுத்துட்டா அதுங்க மனசுல இருந்து போயிருமா? நீங்களே வந்து, மைக்ல, அதுங்க முன்னாடி சொல்லணும்."

"நானா? ஸ்கூலுக்கா?"

"பிரேயர் எட்டே முக்காலுக்கு," என்றாள் செல்வமேரி. "லேட்டா வர்றவங்க யாரா இருந்தாலும் கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்."